உள்சுற்றின் நீளம்

"உலகத்துல அளக்க முடியாததுன்னு எதுவுமே கிடையாது. பேய் உட்பட."

இப்படிச் சொன்னவன் மில்லிமீட்டர். கட்டடக்கலைக் கல்லூரி கேண்டீனில், கையில் டீ கிளாஸோடு, உதட்டோரம்கூட அசையாமல் சொன்னான். பேய் என்று ஒன்று இருந்தால் அது ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இடத்தை அடைத்தால் நீளம், அகலம், உயரம் மூன்றும் இருந்தாக வேண்டும். அந்த மூன்றும் இருந்தால், அவனிடம் முப்பது மீட்டர் டேப் இருக்கிறது. "அளவுக்கு வராதது பேயே இல்ல. அது உங்க பயம். பயத்துக்கெல்லாம் நான் படம் போடுறதில்ல," என்று முடித்தான். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அவன் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டான்.

இனி வருவது நடந்த சம்பவம். இதிலுள்ள மணியும் அளவும் அவனுடைய குறிப்பேட்டிலிருந்து அப்படியே எடுத்தவை. நம்ப மனமில்லாதவர்கள் கதை என்று வைத்துக்கொண்டு படிக்கலாம். விளக்கை மட்டும் அணைக்க வேண்டாம்.

நடுராத்திரி, நாய் ஊளை, கிரீச்சிடும் கதவு, இதெல்லாம் இந்தச் சம்பவத்தில் இல்லை. மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

விடுதிச் சாப்பாட்டு மேசை நான்கு மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்று வார்டனுக்கு மனு கொடுத்தவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். இவ்வளவு துல்லியமான ஆள் ஒரே ஒரு பாடத்தில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தான். பழைய கட்டடம் ஒன்றை நேரில் போய் அளந்து படம் வரைய வேண்டிய பாடம் அது. இது மூன்றாவது முறை. கடைசி முறையும்கூட. திங்கள் காலை பத்து மணிக்குப் படம் போய்ச் சேர்ந்தால் பட்டம் உண்டு. அக்கா தன் ஆபீஸில் தலையால் தண்ணீர் குடித்து வாங்கி வைத்திருக்கும் வரைவாளர் வேலையும் உண்டு. சேராவிட்டால் இரண்டுமே கிடையாது. வேலையை நாளைக்குத் தேடிக்கொள்ளலாம், அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அவன் கவலை.

படம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஓர் எண்தான் பாக்கி.

"உள்சுற்றோட நீளம் இல்லாம படத்தை நான் கையாலயே வாங்க மாட்டேன்." பேராசிரியை அப்படித்தான் சொல்லியிருந்தார். எல்லாருக்கும் அவர் 'மேடம்'. அந்தப் பாடத்தை எத்தனையோ வருஷமாக அவர்தான் நடத்துகிறார். அந்தக் கோயிலைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

கோயில் மலையடிவாரத்தில் இருந்தது. கட்டி ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. பின்புறம் மலைப்பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கருவறைச் சுவரை ஒட்டி மலையை நோக்கி நேராக உள்ளே ஓடும் ஒடுக்கமான வழிக்கு உள்சுற்று என்று பெயர். ஜன்னல் கிடையாது. விளக்கு கிடையாது. பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. மதியம் கோயில் சாத்தியிருக்கும் நேரத்தில், இரண்டு மணியிலிருந்து நாலரை வரை மாணவர்கள் அளந்துகொள்ளலாம் என்று கடிதம் வாங்கியிருந்தார்கள்.

கூட வந்தவன் ரேடியோ. வகுப்புத் தோழன். அந்தப் பெயருக்கு விளக்கம் தேவையில்லை. தூக்கத்தில்கூட அவன் நிகழ்ச்சி நிற்பதில்லை. முதல் நாளே வந்து காவல்காரரோடு ஒரு மணி நேரம் பேசி சிநேகமாகியிருந்தான்.

மணி 2.10. காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கோயிலின் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே கூட நடந்தார்.

"அந்த மூணாவது தூண் இருக்கே, பொய் சொல்றவன் சாஞ்சா முனகும்."

"உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்கும்ணே," என்றான் மில்லிமீட்டர். ஆனாலும் சாயவில்லை.

"இந்தக் கல்லு யானை நூறு வருஷத்துக்கு ஒரு நெல்லு அளவு தலையைத் திருப்புது."

"நெல்லு நீளவாக்கிலயா, குறுக்குவாக்கிலயா?"

காவல்காரர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆயிரம் வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. பிறகு உள்சுற்றின் வாசலில் நின்றார். குரல் தானாகத் தணிந்தது.

இந்தக் கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பிக்கு ஒரு கூட்டாளி இருந்தாராம். ஊமை இல்லை, ஆனாலும் பேச மாட்டார். எது கேட்டாலும் 'ம்' தான். அளவுக் கயிற்றின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையைச் சிற்பி பிடிப்பார். சிற்பி அளவை எழுதிக்கொண்டு "ஆச்சு, விட்டுடு" என்று சொல்லும்வரை அவர் கயிற்றை விடமாட்டார். மழை வந்தாலும் விடமாட்டார், தேள் கொட்டினாலும் விடமாட்டார். உள்சுற்றைக் கடைசியாக ஒருமுறை அளந்துகொண்டிருந்தபோது பின்பக்கத்தில் மலை சரிந்து கூரைக்கல் இறங்கியது. வாசலில் நின்ற சிற்பி ஓடிவந்துவிட்டார். கூட்டாளி உள்ளே.

"சிற்பி சொல்லாம ஓடி வந்துட்டாருப்பா. ஆச்சு, விட்டுடுன்னு சொல்லல."

காவல்காரர் வாசல் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அதனால இங்க யாரு கயிறு, ஒயரு, தண்ணிக் குழாய், எதை உள்ள நீட்டி வேலை பார்த்தாலும், முடிஞ்சதும் உள்பக்கம் பார்த்து 'ஆச்சு, விட்டுடுங்க'ன்னு சொல்லிட்டுத்தான் வருவோம். கரெண்டு வேலைக்கு வர்றவரும் சொல்லுவாரு. நானும் சொல்லுவேன். நம்ம எல்லாரையும் விட வயசுல மூத்தவரு இல்லையா."

"எவ்வளவு மூத்தவர்ணே, ஆயிரம் வருஷம் இருக்குமா? ஓய்வூதியம் வருதா?"

"தம்பி, உள்ள கொஞ்ச தூரத்துல..."

"நாங்க அளந்து தெரிஞ்சுக்கறோம்ணே. அதுக்குத்தானே வந்திருக்கோம்."

காவல்காரர் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வெளியே போனார்.

3.20. முன்மண்டபத்தை அளந்து முடித்தார்கள். ரேடியோ ஒரு முனை, மில்லிமீட்டர் மறுமுனை. அளவை எழுதியதும் ரேடியோ சும்மா இருக்க முடியாமல், "ஆச்சு, விட்டுடுங்க," என்றான். மில்லிமீட்டர் டேப்பைக் கீழே போட்டுவிட்டு, தரையில் விழுந்து கும்பிடுவதுபோல் நடித்தான். பிறகு உள்சுற்றின் வாசலுக்குப் போய் கையை வாயில் குவித்தான்.

"உள்ள இருக்கற அண்ணாச்சி, கை வலிச்சா சொல்லுங்க. நாற்காலி அனுப்புறோம்."

"அப்படிப் பேசாத மச்சான்."

"பயந்தாங்கொள்ளிக்கு எதுக்குடா கட்டடக்கலை? தாயத்துக் கடை வை."

ரேடியோவின் முகம் சுண்டிவிட்டது. தாள்களை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் மூலைக்குப் போய் தூண்களை வரைய உட்கார்ந்துவிட்டான். பேச்சு நின்றது. மில்லிமீட்டருக்கு அதுவும் ஒரு சாதனையாகத்தான் தோன்றியது.

3.38. மில்லிமீட்டர் உள்சுற்றின் வாசலில், நிலைக்கல்லை ஒட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வாசலின் அகலம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். டேப்பின் கைப்பட்டையை இடது மணிக்கட்டில் இறுக்கி மாட்டினான். குறிப்பேடு தொடையில். கைபேசி வெளிச்சம் குறிப்பேட்டில். உள்ளே போகிறவன் ஒருவன், வாசலில் நின்று அளவைப் படிக்கிறவன் ஒருவன். படிக்கிற வேலைதான் முக்கியம் என்பதால் அதைத் தானே எடுத்துக்கொண்டான். உள்ளே இருட்டாக இருந்தது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"டேய், வந்து முனையைப் பிடி," என்று குரல் கொடுத்தான். தலை நிமிரவில்லை. தாளில் கட்டம் போட்டுக்கொண்டே, டேப்பின் முனையை வாசல் பக்கம் நீட்டினான்.

விரல்கள் அதை வாங்கிக்கொண்டன.

வெறுங்கால் சத்தம் உள்ளே போனது. தப்... தப்... தப்... டேப் 'சர்ர்ர்' என்று ஓடியது.

ரேடியோவின் சட்டைப் பையில் எப்போதும் சாவிக்கொத்து குலுங்கும். இப்போது குலுங்கவில்லை. கையில் டார்ச்சும் எரியவில்லை. வாங்கிய விரல்கள் சொரசொரப்பாக இருந்தன. கல்தூள் அப்பிய மாதிரி. இதையெல்லாம் மில்லிமீட்டர் கவனித்தான். கவனித்து, கோபத்தில் இருக்கிறான், போகட்டும் என்று விட்டுவிட்டான்.

3.41. சத்தம் நின்றது. டேப் விறைத்தது.

"கடைசி வரைக்கும் போயிட்டியா?"

"ம்."

"சரியா வெச்சிருக்கியா?"

"ம்."

12.65 மீட்டர். எழுதிக்கொண்டான். ஒரே மூச்சில் இத்தனை குறைவாக ரேடியோ பேசியது சரித்திரத்தில் கிடையாது. 'ரேடியோவுக்கு பேட்டரி போயிடுச்சு' என்று மனத்துக்குள் ஒரு வரி தயார் செய்துகொண்டான். நாளைக்கு கேண்டீனில் சொல்ல வேண்டும்.

எந்த அளவையும் மூன்று முறை எடுக்க வேண்டும். அது பாடம். டேப் லேசாகத் தொய்ந்தது. தொய்வைச் சுற்றி இழுத்து, மறுபடி படித்தான்.

3.44. 12.31.

"டேய், அசையாதடா. முப்பத்திநாலு சென்டிமீட்டர் வித்தியாசம் வருது."

"ம்."

இந்த முறை குரல் கொஞ்சம் தெளிவாகக் கேட்டது.

மறுபடியும் தொய்வு. மறுபடியும் சுற்றினான். உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. உளி பட்டதும் கல்லிலிருந்து கிளம்புமே, அந்தச் சூட்டு வாசனை. அங்கே யாரும் கல் உடைக்கவில்லை.

3.47. 11.88.

"என்னடா விளையாடுறியா? நாளைக்குக் காலைல கொடுக்கணும். என் வாழ்க்கைடா இது."

பென்சிலால் குறிப்பேட்டைத் தட்டினான்.

"கோவமா? சரி, நான் சொன்னது தப்புதான். போதுமா?"

"ம்."

மில்லிமீட்டர் முதன்முறையாகக் கைபேசி வெளிச்சத்தை உள்ளே திருப்பினான். மூன்று மீட்டர் வரை கல்தளம். அதில் தூசி, விரல்கனத்துக்கு. அந்தத் தூசியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. டேப் மட்டும் நேர்கோடாக, இருட்டுக்குள்...

3.52.

"மச்சான், தண்ணி வேணுமா?"

குரல் பின்னாலிருந்து வந்தது.

மில்லிமீட்டர் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

"கோவத்தை விட்றா. கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தேன். ஜில்லுன்னு இருக்கு." சாவிக்கொத்து குலுங்கியது. "ஆமா... யாருடா முனையைப் பிடிச்சிருக்கா?"

டேப் விறைத்திருந்தது.

நரம்பு மாதிரி.

"காவல்காரரா?" என்றான் மில்லிமீட்டர்.

"அவரு வெளிய நிக்கிறாருடா."

டேப் இழுத்தது.

மெதுவாகத்தான். அவசரமே இல்லை. வேலையில் இருக்கிற ஆள், அடுத்த அளவு எப்போது என்று கேட்பதுபோல. ஓர் இழுப்பு. நிறுத்தம். ஓர் இழுப்பு.

கைப்பட்டை மணிக்கட்டில் இறங்கியது. மில்லிமீட்டரின் முட்டி கல்லில் தேய்ந்தது. இடது கை முழங்கை வரை இருட்டுக்குள் போயிருந்தது. பிறகு தோள் வரை.

"சொல்லிடுடா," என்றான் ரேடியோ. "ஆச்சு, விட்டுடுங்கன்னு சொல்லிடு."

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"ஆச்சுங்க," என்று ரேடியோ உள்பக்கம் பார்த்துச் சொன்னான். "போதும்ங்க. விட்டுடுங்க."

இழுப்பு நின்றது.

ஆனால் விடவில்லை.

ரேடியோ தாள் வெட்டும் கத்தியை எடுத்துக் கைப்பட்டையை அறுத்தான். பட்டை அறுந்தால் டேப் பெட்டி கீழே விழ வேண்டும்.

விழவில்லை.

இந்த முனையில் யாருமில்லை. பெட்டி காற்றில் நின்றது... விறைப்பாக... ஒரு வினாடி... இரண்டு...

பிறகு, உள்ளே போனது.

தப்... தப்... தப்...

இருவரும் எப்படி வெளியே வந்தார்கள் என்பது குறிப்பேட்டில் இல்லை. அதற்கு அடுத்து எழுதியிருக்கும் நேரம் 4.25. இடம், பேருந்து நிறுத்தம். எதிரே அளவு எதுவும் இல்லை.

அன்று இரவு மில்லிமீட்டர் படத்தை முடித்தான். எப்படி முடித்தான் என்று கேட்கலாம். அக்கா எட்டு மணிக்குப் போன் செய்து, "முடிச்சிட்டியாடா, பொய் சொல்லாம சொல்லு," என்றாள். "முடிச்சுட்டேன்கா," என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு வேறு வழியில்லை. விடுதியறையில் இருந்த விளக்குகள் அனைத்தையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். உள்சுற்றுக்கு நேராக மூன்று அளவையும் எழுதினான். எது சரி என்று அவனுக்கே தெரியவில்லை.

திங்கள், காலை 9.50. மேடத்தின் அறை.

அவர் படத்தை விரித்துப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உள்சுற்று எவ்வளவு?"

"பன்னிரண்டு அறுபத்தஞ்சு மேடம். ஆனா..."

"ஆனா?"

"மூணு தடவையும் வேற வேற வந்தது. பன்னிரண்டு முப்பத்தொண்ணு. அப்புறம் பதினொண்ணு எண்பத்தெட்டு."

மேடத்தின் கை மேசைமேல் அப்படியே நின்றுவிட்டது. "ஒரே நாள்லயா?"

"பத்து நிமிஷத்துல மேடம்."

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். ஒரு பழைய நோட்டு. முதல் பக்கம். வெவ்வேறு வருஷங்கள், வெவ்வேறு மாணவர்கள் கொண்டுவந்து கொடுத்த அளவுகள். கோயில் ஒன்றுதான். உள்சுற்றும் ஒன்றுதான்.

28.40.
24.10.
20.35.
16.20.

அதற்குக் கீழே அவர் தன் பேனாவால் எழுதினார். 12.65. கொஞ்சம் யோசித்து அதற்கும் கீழே, 11.88.

"முதல்ல இருக்கற இருபத்தெட்டு நாப்பது, மலை சரியறதுக்கு முன்னாடி இருந்த முழு நீளம். கல்வெட்டுலயும் அதேதான் இருக்கு," என்றார். "இப்ப அந்த நீளம் கிடையாது. பின்பக்கம் இடிஞ்சதும் குறுக்க சுவர் வெச்சு அடைச்சுட்டாங்க. வாசல்ல இருந்து ஒன்பது மீட்டர் ரெண்டு சென்டிமீட்டர்ல சுவர். நானே பகல்ல, ஆள் வெச்சு, விளக்கு வெச்சுப் பார்த்திருக்கேன். அதுக்குப் பின்னால வழியே இல்ல. மலைதான்."

மில்லிமீட்டருக்குக் கணக்கு தானாகவே ஓடும். நிறுத்த முடியாது. 28.40, 24.10, 20.35... ஒவ்வொரு முறையும் குறைகிறது. மலைக்குள்ளே. பாறைக்குள்ளே. சுவரை நோக்கி. இன்னும் மூன்று மீட்டர்கூட இல்லை.

"அந்த முதல் அளவு யாரு எடுத்தது மேடம்?"

மேடம் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அப்ப எனக்கு உன் வயசு. வாட்ச்மேன் சொல்லிட்டு வரச் சொன்னார். நான் சிரிச்சேன்." பிறகு கேட்டார், "நீ சொன்னியா?"

"கூட வந்தவன் சொன்னான் மேடம்."

"அளந்தது நீதானே. அளந்தவங்கதான் சொல்லணும்."

அவர் படத்தை வாங்கி, மூலையில் கையெழுத்துப் போட்டார். தேர்ச்சி. இத்தனை வருஷமாக ஏன் சில வருஷத்துக்கு ஒருமுறை யாரையாவது அங்கேயே அனுப்புகிறார் என்று அவனும் கேட்கவில்லை. எவ்வளவு தூரத்தில் வந்திருக்கிறது என்று அவருக்கும் தெரிய வேண்டுமே.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தான். அவள் போனிலேயே அழுதாள். கேண்டீனில் ஏழு பேர் காத்திருந்தார்கள். பேயை அளந்தாயா, நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று கேட்டார்கள். அவன் தலைவலி என்றான். ரேடியோவிடம் மட்டும், செருப்பு தைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினான். அவன் காலில் இருந்தது புதுச் செருப்பு. ரேடியோ அதைப் பார்த்தான். வாழ்க்கையில் இரண்டாம் முறையாக ஒன்றும் பேசாமல் இருந்தான்.

மணி 3.50. காவல்காரர் கடிதம் கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு, யானைச் சிலையைத் துடைக்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டார்.

உள்சுற்றின் வாசலில் மில்லிமீட்டர் நின்றான். கையில் டேப் இல்லை. டார்ச் இல்லை. குறிப்பேடு மட்டும் இருந்தது. அதைத் திறந்து, அளவு எழுதிய பக்கத்தை இருட்டுக்கு நேராகப் பிடித்தான். உள்ளிருந்து கல்லின் சூட்டு வாசனை வந்தது. வெகு கிட்டத்திலிருந்து.

"எழுதிக்கிட்டேன்ணே," என்றான். அவன் குரல் அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. "மேடமும் எழுதிக்கிட்டாங்க. அவங்களுக்கும் சேர்த்து நானே சொல்லிடறேன்."

சுற்றுமுற்றும் பார்த்தான். யாருமில்லை. கைகளைக் கூப்பினான்.

"ஆச்சுண்ணே. விட்டுடுங்க."